2017 அயர்லாந்து மைனர் கேலிக் கால்பந்து: திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்

2017 செப்டம்பர் 17 அன்று டப்ளினில் உள்ள குரோக் பார்க் மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில், கெர்ரி கவுண்டிப் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) பையன்கள் டெர்ரி கவுண்டிப் பையன்களை 6-17, 1-8 என்று தோற்கடித்தார்கள். அந்த ஆட்டத்தின் வீடியோத் துண்டு ஒன்றை வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டும் வழக்கம் எனக்கு உண்டு. முதல் நிமிடத்தில் "இது என்ன விளையாட்டு?" என்று ஆரம்பிப்பார்கள், ஐந்தாவது நிமிடத்தில் "இந்தப் பையன் யார்?" என்று கேட்பார்கள். கேள்விகள் மாறுவதே இல்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி வைத்துவிட்டேன். முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை, மேலே பார்த்துக்கொள்ளுங்கள்.

இது கால்பந்தா, கைப்பந்தா, ரக்பியா? ஒன்றும் புரியவில்லையே?

கேலிக் கால்பந்து. அயர்லாந்தின் சொந்த விளையாட்டு. 1884 நவம்பர் 1 அன்று தர்லஸ் என்ற ஊரில், ஹேய்ஸ் ஹோட்டலில் கூடிய சிலர் தொடங்கிய ஜி.ஏ.ஏ. என்ற கேலிக் விளையாட்டுச் சங்கம்தான் இன்றுவரை இதை நடத்துகிறது. அணிக்கு 15 பேர். மைதானம் 130 மீட்டருக்குக் குறையாத நீளம், நாம் பார்த்துப் பழகிய கால்பந்து மைதானத்தைவிடப் பெரியது. பந்து உருண்டைதான், கால்பந்தைவிடக் கொஞ்சம் கனம்.

கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், குத்தியோ தட்டியோ பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்கலாம். தோளோடு தோள் மோதலாம். ரக்பி மாதிரி இடுப்பைக் கட்டிப் பிடித்துக் கீழே சாய்க்கக் கூடாது.

அப்போ பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேராக ஓடிப் போய் கோல் போட்டுவிட வேண்டியதுதானே?

முடியாது. நான்கு எட்டுதான் வைக்கலாம். அதற்குள் பந்தைத் தரையில் ஒரு தட்டுத் தட்ட வேண்டும், அல்லது 'சோலோ' போட வேண்டும். தட்டுவதை அடுத்தடுத்து இரண்டு முறை செய்யக் கூடாது. சோலோவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சோலோதான் இந்த விளையாட்டின் உயிர். ஓடிக்கொண்டே பந்தைக் கையிலிருந்து நழுவ விட வேண்டும். அது தரையைத் தொடுவதற்குள் கால் கட்டைவிரல் பக்கத்தால் லேசாக மேலே சுண்ட வேண்டும். பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி வயிற்றுக்கு நேரே திரும்பக் கைக்கு வரும். ஓட்டத்தின் வேகம் குறையக் கூடாது, கண் பந்தைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் ஒருவன் தோளால் இடித்துக்கொண்டே வருவான். நான் ஒரு முறை மொட்டைமாடியில் நின்ற இடத்திலேயே முயன்று பார்த்தேன். பந்து பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். தரையில் கிடக்கும் பந்தை ஆண்கள் ஆட்டத்தில் கையால் நேரே அள்ளக் கூடாது. பாதத்தைக் கீழே கொடுத்து நெம்பித்தான் கைக்கு ஏற்ற வேண்டும்.

6-17 என்று போட்டிருக்கிறதே, டென்னிஸ் செட் மாதிரியா?

இல்லை. முதல் எண் கோல், இரண்டாவது எண் பாயின்ட். கோல் கம்பம் ஆங்கில 'எச்' எழுத்து வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளி. குறுக்குக் கம்பிக்கு மேலே, இரண்டு கம்பங்களுக்கு நடுவே போனால் ஒரு பாயின்ட். கோலுக்குப் பச்சைக் கொடி, பாயின்ட்டுக்கு வெள்ளைக் கொடி. வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு கம்பத்தடியில் நிற்கிறார்களே, பார்த்தால் ஆஸ்பத்திரி டாக்டர் மாதிரி, அவர்கள்தான் கொடி காட்டுபவர்கள்.

ஆக 6-17 என்றால் 18 கூட்டல் 17, மொத்தம் 35. டெர்ரியின் 1-8 வெறும் 11. 24 புள்ளி வித்தியாசம். 2025-லிருந்து 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து உதைத்து மேலே அனுப்பினால் இரண்டு புள்ளி என்று புது விதி வந்திருக்கிறது. 2017-ல் அது கிடையாது, அதனால் அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'மைனர்' சாம்பியன்ஷிப் என்கிறீர்களே, அப்படியென்றால் சின்னப் போட்டியா?

மைனர் என்றதும் நமக்குக் கழுத்தில் சங்கிலியும் வாயில் வெற்றிலையுமாக ஒரு பண்ணையார் வீட்டுப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறார். இங்கே அந்த வார்த்தைக்கு உள்ள நேர்ப் பொருள்தான், உரிய வயது ஆகாதவர். 2017-ல் அது 18 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு.

சின்னப் போட்டி இல்லை. 1929-லிருந்து நடக்கிறது, முதல் கோப்பையை வென்றது கிளேர் கவுண்டி. பள்ளிக்கூடப் பையன்கள் தங்கள் கவுண்டியின் சட்டையை முதல் முறையாகப் பெருங்கூட்டத்துக்கு முன்னால் போடுவது இதில்தான். கோப்பைக்கு டாம் மார்க்கம் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் 60 நிமிடம், பெரியவர்களுக்கு 70.

மொத்தம் எத்தனை அணி? லீக் மாதிரி எல்லாரும் எல்லாரோடும் மோதுவார்களா?

அயர்லாந்து தீவில் நான்கு மாகாணங்கள்: உல்ஸ்டர், மன்ஸ்டர், லென்ஸ்டர், கானக்ட். முதலில் ஒவ்வொரு மாகாணமும் தனக்குள் ஒரு சாம்பியன்ஷிப் நடத்தி முடிக்கும். 2017-ல் இருந்த முறைப்படி, மாகாணத்தில் வென்ற அணியும் இறுதியில் தோற்ற அணியும், ஆக எட்டு அணிகள் அகில அயர்லாந்துக் காலிறுதிக்கு வந்தன. அங்கிருந்து தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்த ஆண்டு கெர்ரி மன்ஸ்டர் சாம்பியன், டெர்ரி உல்ஸ்டர் சாம்பியன். அரையிறுதியில் கெர்ரி கேவனையும், டெர்ரி டப்ளினையும் வென்றன. டப்ளினைச் சாய்த்துவிட்டு வந்த அணி என்பதால் டெர்ரி ஒன்றும் சோப்ளாங்கி இல்லை. இறுதிப் போட்டி ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டு அவர்களைக் குறைவாகப் பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

டெர்ரி வட அயர்லாந்தில்தானே இருக்கிறது? அது பிரிட்டன் ஆயிற்றே, அயர்லாந்துப் போட்டியில் எப்படி?

ஜி.ஏ.ஏ. தொடங்கிய 1884-ல் அந்த எல்லைக்கோடே கிடையாது. 1921-ல் தீவு பிரிந்தபோது சங்கம் பிரியவில்லை. இன்றும் 32 கவுண்டிகளும் ஒரே குடைக்குள்தான் இருக்கின்றன. உல்ஸ்டரின் ஒன்பது கவுண்டிகளில் ஆறு பிரிட்டன் ஆட்சியில், மூன்று அயர்லாந்துக் குடியரசில். விளையாடும்போது அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

அந்த ஊரின் பெயரே அங்கே ஒரு அரசியல். லண்டன்டெர்ரி என்று சொல்பவர்களும் உண்டு. ஆனால் இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும்போது டெர்ரி மட்டும்தான்.

இந்தப் பையன்களுக்கு எவ்வளவு சம்பளம்? எந்த அணி ஏலத்தில் எடுத்தது?

ஒரு காசு கிடையாது. மைனருக்கு மட்டுமல்ல, 82,000 பேர் முன்னால் ஆடும் பெரியவர்களுக்கும் சம்பளம் இல்லை. ஆசிரியர், மின்பணியாளர், விவசாயி என்று திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிறவர்கள்தான்.

ஏலமும் இல்லை. பிறந்து வளர்ந்த ஊர்ப்பங்கின் கிளப், அந்த கிளப் இருக்கும் கவுண்டி, அவ்வளவுதான். பக்கத்துக் கவுண்டி நன்றாக ஆடுகிறதே என்று நினைத்தபடி அங்கே தாவ முடியாது. நம் ஊர்க் கபடி அணிகள் ஒரு காலத்தில் இருந்தது மாதிரி, ஊர்ப் பெயர்தான் சட்டையில்.

சரி, எல்லாக் கோலையும் போடுகிறானே, அந்த உயரமான பையன் யார்?

இதற்காகத்தான் அந்த வீடியோவையே போட்டுக் காட்டுகிறேன். டேவிட் கிளிஃபோர்ட். கில்லார்னி பக்கத்தில் ஏரிக்கரையோரம் ஃபொசா என்று ஒரு சின்ன ஊர், அங்கிருந்து வந்தவர். கெர்ரி மைனர் அணியின் கேப்டன். அந்த இறுதிப் போட்டியில் அவர் எடுத்தது 4-4. மேலே சொன்ன கணக்குப்படி 16 புள்ளி. டெர்ரி அணி மொத்தமாக எடுத்ததே 11 என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரமும் உடம்பும் இருந்ததால் அடித்துவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வீடியோவில் அவர் பந்து வருவதற்கு முன்னால் என்ன செய்கிறார் என்று பாருங்கள். முதலில் கோலிலிருந்து விலகி இரண்டு எட்டு வெளியே வருவார். காவலுக்கு நிற்பவனும் கூடவே வருவான். உதைப்பவர் தலை நிமிர்ந்த அந்த நொடியில் இவர் சட்டென்று திரும்பி உள்ளே ஓடுவார். பந்து தலைக்கு மேல் வரும்போது காவல்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான். இதற்கு உயரம் எதற்கு? இது புத்தி.

அண்டர்-18 என்றீர்கள். இணையத்தில் தேடினேன், கிளிஃபோர்ட் 1999 ஜனவரியில் பிறந்தவர். செப்டம்பர் 2017-ல் 18 முடிந்து எட்டு மாதம் ஆகிறதே! வயது மோசடியா?

நம் ஊரில் எலும்புப் பரிசோதனை, போலிப் பிறப்புச் சான்றிதழ் என்று செய்தி படித்துப் பழகியதால் இந்தச் சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் மோசடி இல்லை. வயதைப் பார்ப்பது ஆட்டம் நடக்கும் நாளில் அல்ல, அந்த ஆண்டு தொடங்கும் ஜனவரி 1 அன்று. அன்றைக்கு 18 ஆகாமல் இருந்தால் அந்த ஆண்டு முழுக்க ஆடலாம். கிளிஃபோர்ட் பிறந்தது ஜனவரி 22. ஒரு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால் 2017-ல் அவர் மைனரே இல்லை.

இதனால் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு ஒரு அனுகூலம் உண்டு. டிசம்பரில் பிறந்தவனைவிட ஏறக்குறைய ஒரு வயது கூடுதலாக, கைகால் முற்றி நிற்பார்கள். வயது வைத்துப் பிரிக்கும் எல்லா விளையாட்டிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது.

24 புள்ளி வித்தியாசத்தில் முடிந்த இறுதிப் போட்டியில் பார்க்க என்ன இருக்கிறது?

போட்டியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. இடைவேளைக்குப் பிறகு யார் ஜெயிப்பார் என்ற கேள்வியே இல்லை. அன்றைக்கு நல்ல ஆட்டம் வேண்டுமென்றால் அடுத்து நடந்த பெரியவர்கள் இறுதிப் போட்டிதான்: டப்ளின் 1-17, மேயோ 1-16. ஒரே ஒரு புள்ளி, அதுவும் கடைசி நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கில்.

ஆனால் அந்த நாளின் அழகே இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதில் இருந்தது. ஒரே டிக்கெட், ஒரே மைதானம். மைனர் ஆட்டம் தொடங்கும்போது பாதி இருக்கை காலி. டப்ளின்காரர்களும் மேயோக்காரர்களும் மெதுவாக வந்து உட்கார உட்கார, முன்பின் தெரியாத ஒரு பையன் கோல் மேல் கோலாகப் போட்டுக்கொண்டிருக்கிறான். தங்கள் அணி ஆட இன்னும் நேரம் இருக்கிறது, சொந்த பந்தம் எதுவும் இல்லை, ஆனாலும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள்.

கெர்ரி எப்போதுமே இப்படித்தான் ஜெயிக்குமா?

பெரியவர்கள் பிரிவில் மிக அதிகக் கோப்பை வென்ற கவுண்டி கெர்ரிதான். அதனால் மைனரிலும் அப்படித்தான் என்று நினைப்பார்கள். உண்மையில் 1994-க்குப் பிறகு 20 ஆண்டுகள் அவர்களுக்கு மைனர் கோப்பையே இல்லை. 2014-ல் டோனகலை வென்று அந்த வறட்சி தீர்ந்தது. பிறகு 2015-ல் டிப்பரேரி, 2016-ல் கால்வே, 2017-ல் டெர்ரி. தொடர்ந்து நான்கு என்பது அதுவரை எந்தக் கவுண்டியும் செய்யாதது. 2018-ல் மறுபடியும் கால்வேயை 0-21, 1-14 என்று வென்று ஐந்தாக்கினார்கள்.

2016 முதல் 2018 வரை அந்தப் பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் பீட்டர் கீன். அந்த வெற்றியை வைத்தே அவரைப் பெரியவர்கள் அணிக்கு நியமித்தார்கள். அங்கே 2019 இறுதிப் போட்டியில் டப்ளினோடு சமன் செய்து, மறு ஆட்டத்தில் தோற்றார். அகில அயர்லாந்துக் கோப்பை கையில் சிக்காமலே 2021-ல் விலக வேண்டியதாயிற்று.

2017-தான் கடைசி அண்டர்-18 ஆண்டு என்கிறார்களே, நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஏன் மாற்றினார்கள்?

முக்கியக் காரணம் களைப்பு. திறமையான 17, 18 வயதுப் பையன் ஒருவனை யார் யார் கூப்பிடுவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்: பள்ளி அணி, கிளப்பின் மைனர் அணி, கவுண்டியின் மைனர் அணி, அப்புறம் ஆள் போதவில்லை என்றால் கிளப்பின் பெரியவர்கள் அணி. எல்லாருக்கும் பயிற்சி வேண்டும், யாரிடமும் முடியாது என்று சொல்ல அந்த வயதில் வாய் வராது. முழங்காலும் இடுப்பும்தான் முதலில் பதில் சொல்லும். இதோடு ஜூன் மாதத்தில் லீவிங் சர்ட் தேர்வு. நம் பிளஸ் டூ மாதிரி, கல்லூரி இடத்தை முடிவு செய்யும் தேர்வு. 18 வயதுக்காரர்களில் பலர் அதை எழுதுகிறவர்கள்.

சங்கத்தின் தலைமை இயக்குநராக இருந்த பாரிக் டஃபி இதைப் பற்றி விரிவாக எழுதி முன்மொழிவுகள் வைத்தார். 2016 பிப்ரவரியில் நடந்த ஆண்டு மாநாட்டில், 2018-லிருந்து மைனர் என்றால் 17 வயதுக்கு உட்பட்டோர் என்று முடிவாயிற்று. அடுத்த படியான அண்டர்-21-ம் அண்டர்-20 ஆயிற்று.

என் கருத்தைக் கேட்டால், காரணம் சரி, ஆனால் ஒரு வயதைக் குறைத்ததால் மட்டும் பயிற்சியாளர்களின் பேராசை குறைந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அந்த வயதில் ஒரு வருடம் என்பது பெரிய வித்தியாசம். 2017-ல் நாம் பார்த்தது ஏறக்குறைய ஆளாகிவிட்டவர்களின் ஆட்டம்.

அப்படி மாற்றியபோது நடுவில் யாராவது மாட்டிக்கொள்ளவில்லையா?

மாட்டினார்கள். இதைக் கேட்டவர் ஒரே ஒருவர்தான், கணக்கு வாத்தியார். மேலே சொன்ன ஜனவரி 1 விதியை வைத்துப் பாருங்கள். 2017-ல் 1999-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் ஆடலாம். 2018-ல் வயதும் ஒன்று குறைகிறது, ஆண்டும் ஒன்று கூடுகிறது, ஆக 2001-லோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள். நடுவில் 2000-ல் பிறந்தவர்கள்? பழைய விதி தொடர்ந்திருந்தால் 2018-தான் அவர்கள் மூத்தவர்களாக நின்று ஆட வேண்டிய ஆண்டு. அது அப்படியே மறைந்துவிட்டது. 2017-ல் தங்களைவிட ஒரு வயது மூத்தவர்களோடு போட்டி போட்டு இடம் பிடித்தவர்களுக்கு மட்டும்தான் மைனர் சட்டை.

சங்கம் இதை யோசிக்காமல் இல்லை. அவர்களுக்காகவே 2017-ல் ஒரே ஒரு முறை தனியாக அண்டர்-17 சாம்பியன்ஷிப் நடந்தது. ராஸ்காமனை வென்று டைரோன் அதை எடுத்துக்கொண்டது. வெறும் ஆறுதல் பரிசு என்று சொன்னால் டைரோன்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பெண்களுக்கு இது உண்டா?

உண்டு. அதற்குத் தனிச் சங்கம், 1974-ல் தொடங்கியது. மைனர் சாம்பியன்ஷிப்பும் தனி. விதிகளில் சின்னச் சின்ன வேறுபாடு: தரையில் கிடக்கும் பந்தை அவர்கள் நேரே கையால் எடுக்கலாம்.

இப்போது டப்ளினுக்குப் போனால் இதே மாதிரி ஒரே டிக்கெட்டில் இரண்டையும் பார்க்கலாமா?

முடியாது. மைனர் இறுதிப் போட்டியை இப்போது தனியாக வேறு ஊரில் நடத்துகிறார்கள். 2022-ல் ராஸ்காமன், 2023-ல் ஆர்மா. பெரியவர்கள் இறுதிப் போட்டியும் செப்டம்பரிலிருந்து ஜூலைக்குப் போய்விட்டது. பையன்களின் மேல் அழுத்தம் குறைகிறது, அவர்களின் குடும்பங்களுக்கு டிக்கெட் எளிதில் கிடைக்கிறது என்பார்கள். இருக்கலாம். ஆனால் குரோக் பார்க் புல்லில் ஒரு முறை ஓடும் வாய்ப்பு, பெரியவர்கள் அணிக்கு ஒருபோதும் வரப் போகாத எத்தனையோ பையன்களுக்கு வாழ்நாளுக்கும் அது ஒன்றுதான். அதை எடுத்ததில் எனக்கு வருத்தம்.

மைனரில் ஜொலித்தவர்கள் எல்லாரும் பெரிய ஆளாகிவிடுகிறார்களா?

இல்லை. பெரும்பாலானோர் ஆவதில்லை. 21 வயதுக்குள் வேலை, ஊர் மாற்றம், காயம், அல்லது அலுப்பு. சிலரை ஆஸ்திரேலியத் தொழில்முறைக் கால்பந்து லீக் அழைத்துக்கொள்ளும். கிளிஃபோர்டுக்கும் அந்த வலை வீசினார்கள், அவர் ஊரிலேயே இருந்துவிட்டார். 2018-ல் நேரே பெரியவர்கள் அணி, அந்த ஆண்டின் சிறந்த இளம் வீரர் விருது. 2022-ல் அகில அயர்லாந்துக் கோப்பை. 2022, 2023 இரண்டு ஆண்டும் ஆண்டின் சிறந்த வீரர்.

இத்தனைக்குப் பிறகும் ஃபொசா கிளப்புக்கு ஆடிக்கொண்டுதான் இருக்கிறார். 2023 ஜனவரியில் அந்தச் சின்ன ஊர் ஜூனியர் கிளப் பிரிவில் (இது வயதுப் பிரிவு அல்ல, கீழ்நிலை கிளப்புகளின் பிரிவு) அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றது. ஆட்டம் முடியும்போது அவரும் அண்ணன் பாடியும் இரண்டு பேருமே வெளியேற்றப்பட்டிருந்தார்கள். நடுவர் அட்டை எடுக்கும்போது நாட்டின் சிறந்த வீரர் என்றெல்லாம் பார்ப்பதில்லை.

அன்று அடி வாங்கிய டெர்ரி அப்புறம் என்ன ஆயிற்று?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முறையும் காத்திருப்பேன். 2020 மைனர் சாம்பியன்ஷிப் கொரோனாவால் நின்று நின்று, அதன் இறுதிப் போட்டி 2021 ஜூலை 18 அன்றுதான் டல்லமோரில் நடந்தது. கெர்ரியும் டெர்ரியும். டெர்ரி 2-12, கெர்ரி 1-14. ஒரே புள்ளி. அதன் பிறகு 2023, 2024 இரண்டு ஆண்டும் மைனர் கோப்பை டெர்ரிக்கே போனது.

பெரியவர்கள் பிரிவில் 2022-லும் 2023-லும் உல்ஸ்டர் சாம்பியன் ஆனார்கள். 2023 ஜூலையில் அகில அயர்லாந்து அரையிறுதிக்கு மறுபடியும் குரோக் பார்க், எதிரே மறுபடியும் கெர்ரி. கெர்ரி 1-17, டெர்ரி 1-15. கிளிஃபோர்ட் அன்று 9 பாயின்ட் எடுத்தார், ஆனால் ஒரு கோல்கூட அவரை டெர்ரிக்காரர்கள் போட விடவில்லை.